‘ஒண்ணியும் பண்ணாது சார்’: ஒரு காலை நடையும் ₹15,760 செலவும்

வேலூரில் மே மாதம் நாயை வெளியே கூட்டிப் போக விடிகாலையை விட்டால் வேறு நேரம் கிடையாது. ஐந்தேகாலுக்குக் கிளம்பி ஆறரைக்குள் திரும்பிவிட வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாது. நம் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கும் ரோடு பகல் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். இதையெல்லாம் நாய் வளர்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரு நாய்களுக்கும் அதே நேரம்தான் வசதி என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வண்டி இல்லை, ஆள் இல்லை, ராத்திரி கொட்டிய குப்பையை இன்னும் அள்ளவில்லை. ஊரே அவர்களுடையது. வளர்ப்பு நாயைக் கயிறு இல்லாமல் ஓடவிட நினைப்பவர்களும் ‘யாரும் இருக்க மாட்டாங்க’ என்று அதே நேரத்தைத்தான் பிடிக்கிறார்கள். இந்த மூன்று கூட்டமும் ஒரே பூங்காவில் கூடும் நேரத்தில்தான் நானும் போய்க்கொண்டிருந்தேன்.

சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு குடியிருப்புப் பகுதிப் பூங்கா. என் நாயின் பெயர் ராணி. நாட்டு நாய், மூன்று வயது, பதினேழு கிலோ. கையில் இழுத்தால் நீளும், விட்டால் சுருண்டு உள்ளே போகும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக் கயிறு. நேரம் ஐந்து நாற்பது. பெஞ்சில் ஒருவர் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய லாப்ரடார் நாற்பதடி தள்ளிப் புல்லை முகர்ந்துகொண்டிருந்தது, கழுத்தில் பெல்ட் இருந்தது, கயிறு இல்லை. ராணியைப் பார்த்ததும் நிமிர்ந்தது, நேர்கோட்டில் ஓடி வந்தது. அடுத்த பத்து வினாடியில் நான் வரிசையாக நாலு தப்புச் செய்தேன். நின்றேன். கயிற்றைச் சுருக்கி இரண்டு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டேன். ‘ஏய் போ, போ’ என்று கத்தினேன். கடைசியாக, தெரு நாயைத் துரத்துவதுபோலக் கல் எடுக்கக் குனிந்தேன். கல்லடி தெரிந்த தெரு நாய் குனிந்தாலே ஓடும். வீட்டில் பந்து விளையாடி வளர்ந்த லாப்ரடாருக்குக் குனிந்தால் என்ன அர்த்தம்? பந்து போடப் போகிறேன் என்று இரண்டு மடங்கு வேகத்தில் வந்தது.

மோதலில் என்ன நடந்தது என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. கயிறு இழுத்த இழுப்பில் ராணியின் முன்னங்கால் தரையில் படவில்லை. லாப்ரடார் அவள் தோள்மேல் காலைப் போட்டது. ராணி திரும்பி வெட்டினாள். மெல்லிய கயிறு அதன் காலிலும் என் முழங்காலிலும் சுற்றிக்கொண்டது. சத்தம் கேட்டு வாசல் டீக்கடைப் பக்கம் படுத்திருந்த மூன்று தெரு நாய்கள் உள்ளே பாய்ந்து வந்தன. நான் ராணியின் கழுத்துப் பெல்ட்டைப் பிடிக்கக் கையை விட்டேன், வலது கையில் சுண்டுவிரலுக்குக் கீழே பல் இறங்கியது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த அம்மா ஒருவர் கையிலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே வீசிய பிறகுதான் நாய்கள் விலகின. லாப்ரடார்காரர் வந்து தன் நாயின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, ‘ஒண்ணியும் பண்ணாது சார் இது, உங்க நாய்தான் ஸ்டார்ட் பண்ணிச்சு’ என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த அம்மா கேட்டதுதான் பல நாள் காதில் ஒலித்தது: ‘இன்னாத்துக்கு சார் அத்த அப்டி இழுத்துப் புட்ச்சிக்கினு நின்ன?’

அப்போது கோபம் வந்தது. அடி வாங்கியது நான், கேள்வியும் எனக்கா? ஆனால் கேள்வி சரி. இரண்டு நாய்கள் சண்டை இல்லாமல் சந்திக்கும்போது எப்படிச் சந்திக்கின்றன என்று பாருங்கள். நேருக்கு நேர் வராது, வளைந்து வரும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தரையை முகரும், பின்பக்கம் போய் மோந்து பார்க்கும். இது அவற்றின் வணக்கம். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் நம் நாயால் வளைய முடியாது, தலையைத் திருப்ப முடியாது. நெஞ்சு முன்னால் தள்ளி, தலை தூக்கி, முன்னங்கால் எழும்பி நிற்கும். எதிரே வரும் நாய்க்கு அது ‘வாடா பாக்கலாம்’ என்று தெரியும். ஓடிப் போகவும் வழி இல்லை என்று நம் நாய்க்கும் தெரியும். பயந்த நாய்க்கு ஓட வழி இல்லை என்றால் மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். போதாததற்குக் கயிறு வழியாக நம் கைப் பதற்றமும், காது வழியாக நம் கத்தலும் போய்ச் சேர்கின்றன. அன்று சண்டையைத் தொடங்கியது லாப்ரடார் இல்லை, ராணியும் இல்லை. பாதிப் பொறுப்பு கயிறில்லாமல் விட்டவருடையது, மீதிப் பாதி என் மணிக்கட்டினுடையது.

அதனால் முதலில் கயிறு. அந்தப் பெட்டிக் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பூட்டு விழும் முன்பே பத்தடி ஓடிவிடும், மெல்லிய நூல் தோலில் உரசினால் தீக்காயம் போல அறுக்கும், பெட்டி கைதவறித் தரையில் விழுந்தால் தடதடவென்று நாயின் பின்னாலேயே வந்து அதைப் பயமுறுத்தி ஓடவைக்கும். நம்மூரில் வழக்கமான இரும்புச் செயினும் வேண்டாம், இழுபட்டால் விரல் கிழியும். ஐந்தடி அல்லது ஆறடி நீளம், முக்கால் அங்குல அகலம், தட்டையான நைலான் அல்லது காட்டன் பட்டை போதும். கைப்பிடி வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, பட்டையை உள்ளங்கையில் மடித்து முஷ்டி பிடிக்க வேண்டும். கையைச் சுற்றிச் சுற்றக் கூடாது, நாய் திமிறும்போது விரல் எலும்பு உடையும், விட நினைத்தாலும் விட முடியாது. இன்னொரு கை பட்டையின் நடுவில் தளர்வாக. பட்டை எப்போதும் லேசாகத் தொங்க வேண்டும், அரை நிலா மாதிரி.

கழுத்துப் பெல்ட் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் சரி. சிப்பிப்பாறை, கன்னி மாதிரித் தலை குறுகிய நாய் வைத்திருப்பவர்கள் சாதாரணப் பெல்ட்டை நம்பவே கூடாது, பின்னால் ஒரு எட்டு வைத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகும் மார்டிங்கேல் வகைப் பட்டை அவற்றுக்கு நல்லது. நான் இப்போது நெஞ்சையும் முதுகையும் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுகிறேன், முதுகில் கைப்பிடி வைத்தது. ஹார்னஸ் வளையத்தையும் கழுத்துப் பெல்ட்டையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கி, ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். வாங்கும்போது கொக்கியைப் பாருங்கள். சுழலும் கழுத்து துருப்பிடித்திருந்தால், ஸ்பிரிங் முழுசாக மூடாவிட்டால், முழு எடையில் ஒரே இழுப்பில் திறந்துகொள்ளும். வீட்டுக்குள்ளேயே இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துச் சோதித்துவிட்டு வாசலைத் தாண்டுவது இப்போது செருப்புப் போடுவது மாதிரி ஆகிவிட்டது.

பொருள் வாங்குவது சுலபம், ₹1,900 ஆனது. திரும்பப் பழக்குவதற்குத்தான் நாள் பிடித்தது. நான் சொல்வது ஒரே ஒரு வித்தை: நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று முழுசாகத் திரும்பி எதிர்த்திசையில் போவது. ‘திரும்பு’ என்று ஒரு சொல், குஷியான குரலில். சொன்னதும் நான் திரும்புகிறேன், அவளும் திரும்பி என் காலடிக்கு வந்தால் பட்டாணி அளவு வேகவைத்த கோழி ஈரல். முதல் நான்கு நாள் வீட்டுக்குள், காலையில் பதினைந்து தடவை, ராத்திரி பதினைந்து. பிறகு மொட்டை மாடி, பிறகு எங்கள் தெரு, கடைசியில்தான் நாய் தெரியும் தூரத்தில். அவசரத்தில் மட்டும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அது அபாய மணி ஆகிவிடும், கேட்டதுமே நாய் பதறிச் சுற்றிப் பார்க்கும். அதனால் ஒரு காரணமும் இல்லாமல் தினமும் பத்துத் தடவை திரும்ப வேண்டும். பார்ப்பவர்கள் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. மறக்கக் கூடாத விஷயம்: திரும்ப வேண்டியது நாய் ஓடி வரத் தொடங்கிய பிறகு இல்லை, அது நிமிர்ந்து நம்மைப் பார்த்த அந்த நொடியில். அன்று எனக்கு நாற்பதடி இருந்தது. அந்த நாற்பதடியை நான் நின்றுகொண்டு வீணாக்கினேன்.

எந்த நாய் எதற்கு வருகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். உடம்பு நெளிந்து, வாய் லேசாகத் திறந்து, வளைந்து வரும் நாய் விசாரிக்க வருகிறது. தப்பிக்க நேரமில்லை என்றால் பட்டையைத் தளர விட்டு, நாமும் அவை சுற்றும் திசையிலேயே சுற்றி, மனசுக்குள் மூன்று எண்ணி, ‘திரும்பு’ சொல்லி நடந்துவிடலாம். மூன்றுக்கு மேல் நின்றால்தான் உரசல் ஆரம்பிக்கும். வால் விறைத்து மேலே நிற்க, வாய் மூடி, கண் எடுக்காமல் நேர்கோட்டில் வரும் நாய் விசாரிக்க வரவில்லை. வால் ஆட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது, விறைத்த வாலும் மெதுவாக ஆடும். அந்த லாப்ரடார் இரண்டும் இல்லை, மூன்றாவது ரகம்: மரியாதை தெரியாத விளையாட்டுப் பிள்ளை. அது கடிக்க வரவில்லை என்று இன்று எனக்குத் தெரிகிறது. ஆனால் கட்டிப் போட்ட நாயின் தோளில் காலைப் போடுவது, பஸ்ஸில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் கழுத்தில் முன்பின் தெரியாத ஆள் கையைப் போடுவது மாதிரி. ‘ஒண்ணியும் பண்ணாது’ என்பவர்கள் தங்கள் நாயைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். எதிரே இருக்கும் நாய் என்ன பண்ணும் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. இப்போதெல்லாம் நான் விவாதிப்பதில்லை. நடந்துகொண்டே ‘சார், என் நாய்க்குச் சொறி, ஒட்டிக்கும்!’ என்கிறேன். பொய்தான். ‘என் நாய் கடிக்கும்’ என்று சொன்னால் நின்று பேச்சு வளர்ப்பவர்கள்கூட, சொறி என்றால் ஓடி வந்து பெல்ட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தெரு நாய்கள் வேறு கணக்கு. அவை தங்கள் எல்லையிலிருந்து நம்மை வெளியே தள்ளப் பார்க்கின்றன, நாம் போய்விட்டால் விட்டுவிடும். அதனால் முகத்தை அவற்றின் பக்கம் வைத்து, நம் நாயைப் பின்னால் தள்ளி, பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். முதுகைக் காட்டி ஓடினால் குதிகாலைப் பிடிக்கும். பிஸ்கட் வீசுவது தனியாக வரும் ஒரு நாய்க்குச் சரி, கூட்டத்துக்கு வீசினால் பிஸ்கட்டுக்கே சண்டை வெடித்து அதன் நடுவில் நாம் நிற்போம். குப்பைத் தொட்டி, கறிக்கடை வாசல், யாராவது தினமும் சோறு வைக்கும் மூலை, குட்டி போட்ட பெட்டை இருக்கும் புதர் ஆகிய நாலையும் ஒரு பகல் நேரம் நாய் இல்லாமல் தனியே நடந்து குறித்து வைத்துக்கொண்டு, பாதையை அதற்கேற்ப மாற்றினாலே பெரும்பாலான சந்திப்பு குறைந்துவிடும். பாலாற்று மணல் திறந்த வெளியாக இருக்கிறதே என்று அங்கே போகிறவர்களும் கறிக்கழிவு கொட்டும் இடம் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை இணை சேரும் காலத்தில் கூட்டம் பெரிதாகும், அப்போது பழக்கமான நாய்கூடப் பழையபடி நடந்துகொள்ளாது.

கையில் இப்போது பொத்தானை அழுத்தினால் விரியும் குடை இருக்கிறது. ₹350. வரும் நாயின் முகத்துக்கு நேரே பட்டென்று விரித்தால் எதிரே திடீரென்று ஒரு சுவர் எழுந்த மாதிரி. பெரும்பாலும் நின்றுவிடும், குறைந்தது நம் நாய் அதன் கண்ணிலிருந்து மறையும். ஆனால் நம் நாய்க்கு முதலில் வீட்டில் பழக்க வேண்டும். தூரத்தில் மெதுவாக விரித்து, ஈரல் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே. பழக்காமல் விரித்தால் முதலில் ஓடுவது நம் நாய்தான். தடி வைத்திருப்பவர்கள் அதைக் குறுக்கே தாழ்த்திப் பிடித்துத் தடுப்பாக மட்டும் பயன்படுத்துங்கள், அடித்தால் கூட்டத்துக்கு இன்னும் வெறி ஏறும். மிளகாய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், காற்று திரும்பினால் நம் கண்ணும் நம் நாயின் மூக்கும் போகும். சின்ன நாயாக இருந்தாலும் தலைக்கு மேல் தூக்காதீர்கள், எட்டிக் குதிக்கும் நாய் நம் முகத்தையும் கையையும்தான் பிடிக்கும்.

இத்தனையும் மீறிக் கட்டிப் புரண்டுவிட்டால் கை கழுத்துப் பக்கம் போகக் கூடாது. என் கையைக் கடித்தது லாப்ரடார் என்றே இரண்டு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன், கடித்தது ராணி. சண்டை வெறியில் இருக்கும் நாய்க்குப் பக்கவாட்டில் வருவது யார் கை என்று தெரியாது. சத்தமும் எச்சிலுமாக வெட்டி வெட்டி விலகும் சண்டை தானாகவே சில வினாடியில் ஓயும், அப்போது தண்ணீர், துண்டு, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் உதவும். ஒன்று கவ்விப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால்தான் ஆபத்து. அப்போது இழுக்கக் கூடாது, இழுத்தால் தசை கிழியும். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்காலைத் தொடைப் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, பிடி தளர்ந்த கணத்தில் பின்னோக்கி வளைந்து நகர வேண்டும். நேராக இழுத்தால் திரும்பிக் கடிக்கும். தனி ஆளாக இருந்தால் பட்டையின் கைப்பிடி வளையத்துக்குள் பட்டையையே நுழைத்துச் சுருக்குப் போட்டு, கவ்வியிருக்கும் நாயின் இடுப்பில் மாட்டிக் கம்பத்திலோ வேலியிலோ கட்டிவிட்டு, பிறகு நம் நாயைப் பின்பக்கமாக விலக்கலாம். பூங்கா நாலு பக்கமும் அடைத்திருந்து, அருகில் ரோடு இல்லாமல் இருந்தால், மோதும் கணத்தில் பட்டையை விட்டுவிடுவதுகூட இறுக்கிப் பிடிப்பதைவிட மேல். ரோட்டோரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

இனி என் கை. பூங்காக் குழாயில் இரண்டு நிமிஷம் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன், போதாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். அதன்பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது, கட்டும் இறுக்கமாகப் போடக் கூடாது. ‘நம்ம நாய்தானே, ஊசி போட்டிருக்கே’ என்று விட்டுவிட இருந்தேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் ஒரே வரியில் சொன்னார்: உங்கள் நாய் அப்போதுதான் தெரு நாயைக் கடித்திருக்கிறது, அதன் வாயில் யாருடைய எச்சில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். காயத்துக்குள்ளேயே குத்துவதால் அது நன்றாக வலிக்கும், தெரிந்து போங்கள். தடுப்பூசி தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். டெட்டனஸ் ஊசியும் உண்டு. எல்லாம் இலவசம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் போயிற்று, அவ்வளவுதான். 28ஆம் நாள் ஊசியை வலி போய்விட்டதே என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. நானும் முதல் நாளே போனில் அலாரம் வைக்காவிட்டால் விட்டிருப்பேன்.

பணம் போனது ராணியின் காயத்தில். அதுவும் என் சிக்கனத்தால். தொடைக்கு மேலே இரண்டு சின்ன ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம்கூட ஒழுகவில்லை. டெட்டால் தடவி, மஞ்சள் வைத்து, ‘ரெண்டு நாள்ல ஆறிடும்’ என்று விட்டேன். மூன்றாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. தொடை வீங்கிச் சூடாக இருந்தது, கிட்டே போனால் நாற்றம். கிளினிக்கில் முடியை மழித்ததும்தான் தெரிந்தது, ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கருநீலம். நாய்க்கடி இப்படித்தான் ஏமாற்றும் என்றார் கால்நடை மருத்துவர். பல் உள்ளே போகிறது, கவ்விய நாய் தலையை உதறுகிறது, தோல் இழுபட்டு நகர்ந்துகொடுக்கிறது, ஆனால் அடியில் தசையிலிருந்து தோல் பிரிந்து பை மாதிரி ஆகிவிடுகிறது. வெளி ஓட்டை சீக்கிரமே மூடிக்கொள்ளும். உள்ளே போன அழுக்கும் முடியும் எச்சிலும் காற்றில்லாத பைக்குள் மாட்டிக்கொண்டு சீழாகும். மயக்கம் கொடுத்துத் திறந்து, கழுவி, சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனையும் சேர்த்து அதற்கு ₹7,200. எட்டு நாள் கட்டு மாற்றியது ₹3,200. மருந்து ₹2,650. ஒன்பது தடவை ஆட்டோ போய்வர ₹2,160. காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு ₹550. மொத்தம் ₹15,760, அதோடு நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு. முதல் நாளே போயிருந்தால் முடி மழித்து, கழுவி, ஆன்டிபயாடிக் கொடுத்து ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்று அதே டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பணத்துக்காக இல்லை. அந்த மூன்று நாளும் அவள் வலியை எனக்குக் காட்டாமல் வாசலில் வந்து வாலாட்டிக்கொண்டிருந்தாள்.

அதனால் சண்டை முடிந்ததும், ரத்தம் இருக்கிறதோ இல்லையோ, முடிக்கு எதிர்த்திசையில் விரலால் தடவி உடம்பு முழுக்கத் தேடுங்கள். கழுத்தடி, அக்குள், தொடை இடுக்கு, காதின் அடி. ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ ஏதாவது தட்டினால் அங்கே முடியைக் கத்தரித்துப் பாருங்கள். மருந்துக் கடையில் 500 மில்லி சலைன் (உப்பு நீர்) பாட்டிலும் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சும் வாங்கி, காயத்தின்மேல் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். டெட்டாலும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆற வேண்டிய தசையையே எரிக்கும். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம்மூர் வெயிலில் இன்னொன்று, ஈ. மூடாத காயத்தில் ஒரே நாளில் முட்டை வைத்துவிடும், பிறகு புழு. ஈ அண்டாத ஸ்பிரே ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்கி, காயத்தைச் சுற்றி அடியுங்கள். ராணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி எட்டு மாதம் முன்பே போட்டிருந்தும் மறுபடி போட்டார்கள், நாற்பத்தைந்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள்.

இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில் கிருமி வரத் தொடங்கிய பிறகு அது பத்து நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. அதனால் கடித்த நாய் பத்து நாள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராணியோடு மோதிய அந்த மூன்று தெரு நாய்களையும் தினமும் ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போய் எண்ணினேன். ஒன்று செவலை, ஒன்று வாலில் வெள்ளை, ஒன்றின் இடது காதில் நுனி வெட்டியிருந்தது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுத் திருப்பி விட்டதற்கு அடையாளம் அந்தக் காது வெட்டு. ஆறாம் நாள் செவலையைக் காணவில்லை. டீக்கடைக்காரரைக் கேட்டால், ‘அது மண்டபத்தாண்ட கீது சார், கல்யாணச் சோறு’ என்றார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

‘நாயெல்லாம் புடிச்சினு போவச் சொல்லுங்க’ என்று பூங்காவில் பலர் ஆலோசனை சொன்னார்கள். 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி பிடிக்கும் தெரு நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதே விதிகளில் சோறு வைக்கும் இடம் விளையாடும் குழந்தைகளுக்கும் வாசல்களுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நாங்கள் கேட்டுப் பெற முடிந்தது அதைத்தான், பூங்கா வாசலில் இருந்த சோற்றுத் தட்டு பின்பக்கச் சுவர் ஓரத்துக்குப் போனது. லாப்ரடார்காரர் விஷயத்தில் நான் கோட்டை விட்டேன். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில், தன் விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் யார், எந்த நாய், தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று அப்போதே ஒரு போட்டோ எடுக்காமல், நான்கு நாள் கழித்துப் பெஞ்சில் போய்க் கேட்டால், ‘எந்த நாய் சார்?’ என்றுதான் பதில் வரும். எனக்கு வந்தது.

காயம் ஆறிய பிறகு ராணி பூங்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இழுக்கவில்லை. முதல் வாரம் மொட்டை மாடி மட்டும். அடுத்த வாரம் பூங்கா வேலிக்கு வெளியே, எதிர்ப்பக்க நடைபாதையில் ஐந்து நிமிஷம் நின்று உள்ளே ஓடும் நாய்களைப் பார்த்து, ஒவ்வொரு தடவை அவள் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும்போதும் ஒரு துண்டு ஈரல். மூன்றாம் வாரம் வேலிக்குப் பத்தடி கிட்டே. இப்போது உள்ளே போகிறோம், ஆனால் வாசலில் இரண்டு நிமிஷம் நின்று யார் கயிறில்லாமல் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு. கயிறில்லாமல் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குச் சுற்றுச்சுவரை ஒட்டிய ரோடுதான். மழித்த இடத்தில் முடி வளர்ந்துவிட்டது, இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளையாக.